இரண்டு விசிலுக்கு நடுவில்

செங்குட்டுவனின் முகம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்று சொன்னால் என் மனைவி சாபிரா சிரிப்பாள். பதினோரு வருடம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் டிரைவர், அவன் கண்டக்டர். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிரைவருக்கு ரோட்டைப் பார்க்கத்தான் கண்ணே தவிர கண்டக்டரைப் பார்க்க இல்லை. எண்ணூரில் ஏறி உட்கார்ந்தால் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று பாரிமுனை போய்ச் சேரும்வரை அவன் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தான். டீக்கடையில் பார்ப்பேன். மீதி நேரமெல்லாம் அவன் எனக்கு ஒரு விசில்தான்.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இது சென்னையில் பஸ் ஏறும் எல்லோருக்கும் தெரியும். மற்ற கண்டக்டர்கள் நிறுத்துவதற்குச் சின்னதாக ஒரு ‘பீப்’ கொடுப்பார்கள், அவ்வளவுதான். செங்கு அப்படியில்லை. அவன் ஊத ஆரம்பித்தால் வண்டி முழுசாக நிற்கும்வரை விடமாட்டான். ஒரே நீட்டு, நடுவில் பிசிறே இருக்காது. சக்கரம் நின்ற பிறகுதான் விசில் நிற்கும்.

“எதுக்குய்யா இவ்ளோ நீட்டு? உன் தம்மு மொத்தமும் இதுலயே போயிடும் போல கீதே” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாய், ஜனங்க எறங்குறாங்க. நில்லுன்னு சொல்றத ஒயுங்கா சொல்லணுமில்ல? பாதில வுட்டா இன்னா மரியாத?” என்றான்.

அவன் புளியந்தோப்புக்காரன். ஹவுசிங் போர்டு கட்டடத்தில் மூன்றாவது மாடி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஸ்டீல் விசிலை நீலக் கயிற்றில் கோத்து எப்போதும் கழுத்தில் போட்டிருப்பான். வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் பதினாலு அன்று, அந்தக் கயிற்றை மட்டும் புதிதாக மாற்றுவான். காரணம் கேட்டால், “அம்பேத்கர் பொறந்த நாளு பாய், நாம போட்டுக்கிறது புதுசா இருக்க வேணாமா?” என்பான். வாய் ஓயாது. ஸ்டாப்பிங் பெயரைச் சும்மா சொல்லமாட்டான். “தேரடி, தேரடி! சாமி கும்புடறவங்க முன்னால எறங்கு, பிரியாணி துன்றவங்க பின்னால எறங்கு!” என்பான். பஸ்ஸே சிரிக்கும்.

அவனிடம் ஓர் ஆட்டுக் கதை இருந்தது. ஒரு ஆள் ஆட்டுக்குட்டியோடு ஏறி, அதற்கு அரை டிக்கெட்தான் எடுப்பேன் என்று சண்டை போட்ட கதை. “பன்னண்டு வயசுக்குக் கீழ அரை டிக்கெட்டுன்னு நீதான்யா எழுதி வச்சிகீற! வேணும்னா பல்லப் புடிச்சுப் பாரு!” என்று அந்த ஆள் ஆட்டின் வாயைத் திறந்து காட்டுவானாம். ஆட்டுக்கு ஒரு குரல், ஆளுக்கு ஒரு குரல், கூட்டத்துக்கு ஒரு குரல் என்று நடித்தே காட்டுவான். இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். இருநூறு தடவையும் சிரித்தேன், என்ன செய்ய.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரஷீது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஹாரன் அடிப்பேன். எங்கள் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற அழகைப் பார்த்தால் ஒரு மகானுக்குக்கூடக் கெட்ட வார்த்தை வரும். நான் கத்தும்போதெல்லாம் பின்னாலிருந்து, “பாய், பிபி ஏறுது, டிக்கெட் குடுக்கட்டா?” என்று குரல் வரும். என் கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிடும். அவன் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ யாரையாவது அடித்திருப்பேன்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் அவனுக்குக் கொரோனா வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் கிடந்தான். போனில் பேச முடியாது. அவன் மனைவி ராஜாத்திதான் தினமும் சாயங்காலம் எனக்குச் செய்தி அனுப்புவாள். ‘இன்னிக்கு இட்லி சாப்ட்டாரு அண்ணே’ என்று வந்த நாளில் நானும் சாபிராவும் சேர்ந்து அழுதோம். பிழைத்துவிட்டான். நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆகஸ்டில் வேலைக்கு வந்தான்.

என் நண்பன் திரும்பி வந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் நடப்பதை எப்படிப் பார்ப்பது? ஸ்டாப்பிங் பெயர் மட்டும் வந்தது. அதன் பின்னால் வரும் பேச்சு வரவில்லை. விசிலின் நீளம் குறைந்திருந்தது. டீக்கடையில் ஆட்டுக் கதையை ஆரம்பித்தான், ஆடு பஸ்ஸில் ஏறியதோடு நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “இன்னாய்யா ஆச்சு?” என்றேன். “ஜல்பு பாய்” என்றான். ஜலதோஷம் இத்தனை நாளா இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் ஒரு மடையன்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். காலடிப்பேட்டை ஸ்டாப்பிங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே நின்றதால் வண்டி ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து விசில் கேட்டது. ‘பீ...’ உடனே இன்னொரு ‘பீ...’ இரண்டு. சரி, இறங்குகிறவர்கள் இறங்கிவிட்டார்கள், போகச் சொல்கிறான் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ஜனங்கள் ‘ஏய் ஏய் ஏய்’ என்று கத்தினார்கள். பிரேக் போட்டேன். ஒரு டிபன் கேரியர் ரோட்டில் உருண்டு வந்து என் கண்முன்னால் நின்றது.

கீழே விழுந்தவர் பெயர் செங்கொடி. ஐம்பது வயதிருக்கும். காலடிப்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கைக் கூட்டிப் பெருக்குகிறவர், எங்கள் வண்டியில் தினமும் வருகிறவர்தான். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது, மணிக்கட்டு அப்போதே வீங்கத் தொடங்கிவிட்டது. பின் சக்கரத்துக்கும் அவருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தை நான் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“இன்னா மாமு, கண்ண எங்க வச்சிகினு ரெண்டு குடுத்தே?”

“ஒண்ணுதான் பாய்.” முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

“எனுக்குக் காது செவுடா? ரெண்டு! இத்தினி பேரு கேட்டாங்க!”

“ஒண்ணு பாய்.”

ஊர் நியாயமெல்லாம் பேசுகிறவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறானே, என்ன திமிர் என்று எனக்கு ஏறிவிட்டது. “ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததுலேந்து உனுக்கு மூள கலங்கிப் போச்சுடா” என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். சொன்னவன் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிப்போவில் இரண்டு பேரிடமும் விளக்கம் எழுதி வாங்கினார்கள். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அவன் இரண்டே வரி எழுதினான். ‘தவறுதலாக இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். ஓட்டுநர் மீது தவறு இல்லை.’ அவனுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். பார்த்தாயா, ஒப்புக்கொண்டான் என்று நான் ஜெயித்த மாதிரி மூன்று நாள் தனியாக டீ குடித்தேன். அந்த டீ நன்றாகவே இல்லை.

நான்காம் நாள் செங்கொடி கையில் கட்டோடு ஏறினார். நேராக முன்னால் வந்து என் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் குந்திக்கொண்டார்.

“இன்னா டிரைவரு, அவராண்ட பேச மாட்டியாமே?”

“அத உடும்மா. உன் கை எப்டி கீது?”

“என் கை கெடக்கட்டும். நான் படியில நின்னுகினு இருந்தேன், அவரு எனுக்குப் பக்கத்துல. ஒரே விசிலுதான்யா ஊதுனாரு. ஊதிகினு இருக்கசொல்லவே மூச்சு அறுந்து போச்சு. தம் கட்டி மறுபடியும் ஊதுனாரு. வண்டி அப்பதான் நிக்கிற மாதிரி இருந்துச்சு, நான் கால கீழ வச்சேன். உனுக்கு அது ரெண்டு, அவருக்கு அது ஒண்ணு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. நடுவுல என் கைதான் வீங்கிப் போச்சு.”

“இத அன்னிக்கே சொல்ல வேண்டிதுதானே?”

“நீ கத்துன கத்துல எவ வாயத் தொறக்க முடியும்?”

அடுத்த ஸ்டாப்பிங்கில் நிறுத்தினேன். பின்னால் அவன் இரண்டு விசில் கொடுத்தான். இரண்டாவது விசில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எத்தனை நாளாக இருந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புளியந்தோப்புக்குப் போனேன். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி கைப்பிடிக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் செங்கு உட்கார்ந்திருந்தான். மடியில் அரைக் கிலோ தக்காளி இருந்த பை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

“குந்துடா” என்றேன்.

பேச வாயெடுத்தான், வரவில்லை. கையைக் காட்டினான், இரு என்று. நான் படியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் இருக்கும், அதற்குள் எனக்கு ஒரு வருடம் போனது மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து இருந்தான். பதினோரு வருடத் தோஸ்து.

மேலே போனால் இரண்டாவது மாடியிலும் அதே மாதிரி ஒரு நாற்காலி. ராஜாத்தி போட்டு வைத்தது. இப்போது அந்த நாற்காலிகளில் கட்டடமே உட்கார்ந்து கதை பேசுகிறது என்று சொல்லிக்கொண்டே எனக்கு மோர் கொடுத்தாள்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “உங்களுக்குத்தான் தெரியுமே அண்ணே? ‘பாய்க்கு எல்லாம் தெரியும், பாய் பாத்துக்கிறாரு, நீ பயப்படாத’ன்னு தெனம் சொல்றாரே. அந்த தைரியத்துலதான் நானே இவர வேலைக்கு அனுப்பிகினு கீறேன்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். செங்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா இப்டி பண்ணே?”

“நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டாங்க பாய்” என்றான். நிறுத்தினான். மூச்சு எடுத்தான். “அப்பால மூச்சு வாங்குதுன்னா எவன் நம்புவான்? வேலைக்குக் கள்ளத்தனம் பண்றேம்பான். இல்லாங்காட்டி தேற மாட்டான்னு வண்டிலேந்து எறக்கிடுவான்.” மறுபடி நிறுத்தினான். “வண்டிய உட்டா நான் இன்னா பாய்?”

“அதுக்கு எதுக்கு ரெண்டுன்னு எழுதிக் குடுத்தே? எம்மேல போட்டிருக்கலாமே.”

“நீ ரெண்டுதான் கேட்டே. உன் காது தப்பாவாது. அப்ப தப்பு என் மூச்சுதானே?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஜாத்தி முன்னால் அழக்கூடாது என்று மாடி வராண்டாவில் போய் நின்று, கீழே தண்ணி லாரியில் ஹாரன் அடித்தவனைக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு வந்தேன்.

மறுநாளே லீவ் போட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொரோனா வந்து போனவர்களைப் பார்ப்பதற்கென்று தனி ஓ.பி. இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் எத்தனை பேர்! காசிமேட்டு மீன்காரம்மா, கம்பெனி செக்யூரிட்டி, காலேஜ் படிக்கிற பெண், எல்லோரும் நெகட்டிவ்தான், எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. செங்கு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “நம்மாளுங்க நெறய பேரு கீறாங்க பாய்” என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, பிசியோதெரபி பார்க்கிற ஆன்சியிடம் அனுப்பினார். ராயபுரத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் அதட்டலில் எங்கள் டிப்போ மேனேஜர் தோற்றுவிடுவார். விரலில் ஒரு மெஷினை மாட்டி, தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். இவன் என்னமோ ஓட்டப் பந்தயம் மாதிரி வேகமாகக் கிளம்பினான். நான்காவது நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டான். தொண்ணூற்றாறில் இருந்த ஆக்சிஜன் தொண்ணூறுக்கு வந்திருந்தது.

“யாருக்குண்ணா சீன் காட்டுறீங்க? எனக்கா, உங்க பிரெண்டுக்கா?” என்றாள்.

“மேடம், நெகட்டிவ்னுதான சொன்னாங்க?”

“நெகட்டிவ்னா கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம்ணா. அது பண்ணிட்டுப் போன வேல போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. நுரையீரல் புண்ணாயி ஆறிக்கினு கீது. படுத்தே கெடந்ததுல நெஞ்சுத் தசையும் காலும் வலுவிழந்து போச்சு. பயத்துல நீங்க மேல்மூச்சாவே விடறீங்க. பொய்யும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. இது இருக்கு, இதுக்குப் பேரு இருக்கு, மெதுவா சரியாவும்.”

பொய் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டதும் செங்கு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆன்சி அவன் அழுது முடிக்கும்வரை எதுவும் எழுதாமல் காத்திருந்தாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள். மூக்கால் இழு, வயிறு எழும்ப வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக விடு. இழுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடு. படி ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதே, காலை வைக்கும்போது ஊது. முக்கியமானது, முடியும் என்று தோன்றுகிற நாளில் அதிகமாகச் செய்யாதே.

“விசில் ஊதலாமா மேடம்?” என்று கேட்டான்.

“இப்ப வேணாம்ணா.”

டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். ஆறு மாதம் டிப்போவில் உட்கார்ந்த வேலை, பிறகு மருத்துவக் குழு பார்க்கும். அப்போதும் தேறாவிட்டால் வண்டி கிடையாது, ஓய்வு பெறும்வரை மேசைதான். வெளியே வந்ததும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கையில் வைத்தான்.

“வச்சிக்க பாய். எங்கையில கெடந்தா ஊதிடுவேன்.”

அதைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆறு மாதமும் அங்கேதான் இருந்தது. சாபிரா துவைப்பதற்கு முன்னால் எடுத்து, மறுநாள் சட்டையில் மறக்காமல் போட்டு வைப்பாள்.

எனக்குப் புதிதாக வல்லரசு என்று ஒரு கண்டக்டர் வந்தான். நல்ல பையன், தப்பே சொல்ல முடியாது. பீப் என்றால் பீப், பீப்பீப் என்றால் பீப்பீப். அவனைக் கண்டாலே எனக்கு எரிந்தது. நான் லாரிக்காரனைத் திட்டினால் அவனும் சேர்ந்து திட்டினான். என் பிபி ஏறியதே தவிர இறங்கவில்லை.

செங்கு டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து வண்டி கிளம்புகிற நேரத்தை எழுதினான். ஒவ்வொரு டிரிப்புக்கும் கையெழுத்துப் போடப் போகும்போது எனக்குச் சேதி சொல்வான். “இன்னிக்கு டிப்போ கேட்டாண்ட வரைக்கும் பேசிகினே போனேன் பாய்.” “இன்னிக்கு மொத நாற்காலிய தாண்டிட்டேன், ரெண்டாவதுலதான் குந்தினேன்.” எல்லாம் ஏறுமுகமாகவும் இல்லை. பொங்கல் அன்று ரொம்பச் சுகமாக இருக்கிறதென்று இரண்டு தடவை மாடி ஏறி இறங்கியிருக்கிறான். மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நாலாம் நாள் வந்தவன், “போச்சு பாய். மேசைதான் நமக்கு” என்றான். ஆன்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். “நல்ல நாள்ல பாதிதான்னு சொன்னேனா இல்லையா? கெட்ட நாளு வந்தா எல்லாம் போச்சுன்னு அர்த்தமா?” என்று அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. திட்டு வாங்கியதும் கொஞ்சம் தெம்பாகிவிட்டான்.

பிப்ரவரியில் ஒரு நாள் டீக்கடையில் நாங்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். செங்கு ஆட்டுக் கதையை ஆரம்பித்தான். எனக்குப் பக்கென்றது. ஆடு ஏறியது. ஆள் அரை டிக்கெட் கேட்டான். கூட்டத்தின் குரல் வந்தது. நடுவில் ஒரு தடவை உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டான், தெரியாதவர்கள் டீயை ஆற்றுகிறான் என்று நினைத்திருப்பார்கள். “பல்லப் புடிச்சுப் பாரு!” என்று முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். இருநூற்றியோராவது தடவையாக அதைக் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

மார்ச்சில் மருத்துவக் குழு பார்த்தது. ஆறு நிமிடமும் நடந்தான், ஓடாமல் நடந்தான். ஆக்சிஜன் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகவில்லை. கண்டக்டர் வேலை பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நான் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை.

“பாய், நான் பழய ஆளு இல்ல. முக்கால்தான் தேறிகீறேன். மிச்சம் வரும்னு ஆன்சி சொல்லுது, எப்பன்னு தெரியாது.”

“முக்காலே போதும், வா.”

“கேளு. அந்த நீட்டு விசில உட்டுட்டேன். நிறுத்தறதுக்குச் சின்னதா ஒண்ணு, வல்லரசு மாதிரி. போறதுக்கு ரெண்டு. ஆனா ரெண்டும் சேந்தாப்ல வராது. ஒண்ணு ஊதிட்டு, மூச்சு எடுத்துட்டு, அப்பாலதான் ரெண்டாவது. அது வர்ற வரைக்கும் நீ வண்டிய எடுக்கக் கூடாது. இருப்பியா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“கேள்விதான் பாய். பச்ச விழறதுக்குள்ள ஹாரன் அடிக்கிற ஆளு நீ. பின்னால பத்து லாரி கத்தும். முன்னால ஜனங்க கத்துவாங்க. ஒரு தபா நீ அவசரப்பட்டின்னா இன்னொரு செங்கொடி கீழ வுழும். இந்தத் தபா ஒரு முழம் கேப்பு இருக்காது.” என் கண்ணைப் பார்த்தான். “உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் மேசையிலயே குந்திக்கிறேன். கோச்சுக்க மாட்டேன்.”

ஆறு மாதம் அவன் மூச்சுக்காகத்தான் எல்லாம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அது என் பொறுமையில் வந்து நிற்கிறது. யா அல்லா, இதைவிட அவனை மாடி ஏறச் சொல்லியிருக்கலாம்.

“இருப்பேன்டா” என்றேன்.

திங்கட்கிழமை காலை எண்ணூரில் வண்டி எடுத்தோம். முதல் இரண்டு ஸ்டாப்பிங்கில் கூட்டம் இல்லை. ‘பீ.’ சும்மா இருந்தேன். ‘பீ.’ கிளம்பினேன். தேரடியில் கூட்டம் ஏறியது. பிரியாணியும் சாமியும் வந்தன, கொஞ்சம் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு. பழைய ஆட்கள் கை தட்டினார்கள்.

காலடிப்பேட்டை வந்தது. சின்னதாக ஒரு விசில், நிறுத்தினேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், செங்கொடி டிபன் கேரியரோடு இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஏறுகிறவர்கள் அதற்கு மேல். அத்தனை பேருக்கும் நடுவில் செங்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்படிக்கு வந்திருக்க வேண்டும்.

‘பீ.’

ஒன்று. கியரில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இரண்டாவது வரவில்லை. மற்ற ஸ்டாப்பிங்கில் வந்த நேரமெல்லாம் கடந்துவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. “டிரைவரே, தூங்கிட்டியா?” என்று ஒருவன் கேட்டான். “விசில் அடிச்சாச்சு, எடுய்யா வண்டிய!” என்று இன்னொருவன். என் கால் ஆக்ஸிலரேட்டர் மேல் துடித்தது, வாயில் வந்துவிட்ட கெட்ட வார்த்தையை மென்று விழுங்கினேன். திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் அவன் அவசரப்படுவான். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், என் நண்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதுகிறான், வயிறு எழும்ப இழுக்கிறான் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கோ மாமு, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ.

ஜன்னலுக்கு வெளியே செங்கொடியின் குரல் கேட்டது. “யோவ், கத்தாதீங்கய்யா! அவரு ஊதட்டும். டிரைவர் எங்கயும் ஓடிட மாட்டாரு!”

‘பீ.’

சின்னதுதான். பிசிறில்லாமல் வந்தது. அப்போதுதான் நானும் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அதை விட்டேன், கியரைப் போட்டேன்.